கயாக்குக்கு ஒரு கரைக்கயிறு

சிவகாசி
10.6.2024, திங்கள்

சபரிநாதனுக்கு,

தங்கச்சாமி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று டிரைவர் காளிராஜ் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை தோறும் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிறவன், உன் வீட்டில் காப்பி குடிக்காமல் திரும்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் வந்து நின்றான். "மொதலாளி, சபரி அண்ணன் மீன் பிடிக்கக் கயாக் படகு வாங்கப் போறாகளாம். நல்லசிவம்னு ஒரு உப்பளத்துக்காரர், அவருதான் எல்லாம் பாத்துச் சொல்லுதாராம்" என்றான். சொல்லிவிட்டு ரசீதை நீட்டினான். தேதி போடாமல் கையெழுத்துப் போட்டேன். நான் தேதி போடாத ரசீது அது ஒன்றுதான்.

போனில் கேட்டிருக்கலாம். வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றுகிற அன்றைக்குத்தான் ஊரை விட்டுப் போவதை எனக்குச் சொன்னாய். அன்றிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. ஒன்றரை வருஷம். இப்போது நானே கூப்பிட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும். காகிதத்துக்கு அந்த வெட்கம் இல்லை. அச்சில் கழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். காளிராஜ் கொண்டு வருவான்.

நான் கேட்பது ஒன்றுதான். அட்டைப்பெட்டி வியாபாரத்தில் இருபத்தாறு வருஷம் பங்காளியாக இருந்தோம். உன் முதல் ஸ்கூட்டர், மாரிச்செல்விக்கு மிக்சி, ரோஷினி பிறந்தபோது தொட்டில், எதை என்னைக் கேட்காமல் வாங்கினாய்? கடைக்குள் நுழைந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வாய். நான் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் பையைத் திறப்பாய். இப்போது தலையாட்ட உப்பளத்திலிருந்து ஆள் வந்துவிட்டதா?

ஆனைக்குட்டம் அணையில் ஞாயிறு தவறாமல் மீன் பிடித்தோம். லாரி டியூபில் பலகை கட்டி நீ தண்ணீருக்குள் போவாய். டியூபில் கட்டின கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் கரையில் நிற்பேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கே தெரியாது, இத்தனை வருஷமாக அவள் கணவன் மீன் பிடிக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கயிறு இன்னும் கிடங்கில் ஆணியில் தொங்குகிறது. டியூபுக்குத்தான் காற்று இறங்கிவிட்டது.

அந்த ஆள் என்ன கயாக் சொல்லியிருக்கிறார், எத்தனை பேர் உட்காருவது, ஒளிக்காமல் எழுது.

தங்கச்சாமி


தூத்துக்குடி
18.6.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

காளிராஜ் தாளை நீட்டியதும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மாரிச்செல்வி, "ஒங்க அண்ணாச்சி எறங்கி வந்துட்டாக" என்றாள். படித்துவிட்டு, "இல்ல, சண்டைக்கு வந்திருக்காக" என்றேன். "அவுகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். இங்கே வந்தபின் அவளுக்கு மூச்சிரைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. ரோஷினி துறைமுகத்தில் வேலைக்குப் போய் வருகிறாள்.

பழையகாயல் பக்கம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடை ஓடையாகப் பிரிந்து கிடக்கிறது. சில ஓடை ஒரு மாட்டுவண்டி அகலம்தான். வேர்களுக்கு அடியில் கொடுவா மீன் நிற்கிறது. செப்பிலி நிற்கிறது. கரையிலிருந்து தூண்டில் போட்டால் எட்டாது. டியூபில் போனால் வேரில் ஒட்டியிருக்கிற சிப்பி கிழித்துவிடும். அதனால்தான் கயாக்.

நல்லசிவம் அண்ணாச்சி நல்ல மனுஷர். மணப்பாடு போகிற வழியில் ஒரு ஓய்வு விடுதிக்காரர் இரண்டு பேர் உட்காருகிற கயாக்கை விற்கப் போகிறாராம். பதின்மூன்றரை அடி. ஒரு வருஷம் ஓடினது. "புது ஆளு மொத ஆறு மாசம் தனியாப் போவக் கூடாது, ரெண்டு இருக்கைதான் தோது" என்கிறார். நானும் சரி என்றுதான் இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
சபரி


சிவகாசி
24.6.2024

சபரிநாதனுக்கு,

நல்லசிவம் அண்ணாச்சி என்று எழுதியிருக்கிறாய். நல்லது. ஊருக்கு ஒரு அண்ணாச்சி வைத்துக்கொள்வதா உன் ஏற்பாடு? திருநெல்வேலிக்கு மாறினால் அங்கேயும் ஒருவர் இருப்பாரோ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காளிராஜ் ஓட்டின தீப்பெட்டி லோடோடு நானும் கொச்சி வரை போய் வந்தேன். அங்கே கயாக் விற்கிற கடையில் பாதி நாள் இருந்தேன். தட்டிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், கடைக்காரனை அழ விட்டேன். கேட்டுக்கொள்.

உள்ளே இறங்கி உட்காருகிற மாதிரி வேண்டாம். தண்ணீர் புகுந்தால் தொட்டி மாதிரி நிறையும். மேலே உட்காருகிற மாதிரிதான் எடுக்க வேண்டும். அடிவரை துளை இருக்கும், ஏறின தண்ணீர் தானே வடியும், கவிழ்ந்தாலும் மறுபடி தொற்றி ஏறலாம். காற்றடிக்கிற ரப்பர் ரகத்தை நினைத்தும் பார்க்காதே. சிப்பி கிழிக்கும் என்று நீயே எழுதிவிட்டாய். காலால் மிதிக்கிற ரகம் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் அதன் விசிறி ஒரு அடிக்கு மேல் கீழே தொங்குகிறது. முழங்கால் தண்ணீரில் சேற்றை உழத்தான் ஆகும். உனக்குத் துடுப்பு போதும். அகலம் முப்பத்திரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் மீனைத் தூக்கக் குனியும்போது நீயும் மீனோடு போவாய். எடை தாங்கும் கணக்கில் நூற்றைம்பது கிலோ என்று எழுதியிருந்தால் நூறு என்று வைத்துக்கொள். நம் லாரிக்காரன் மாதிரி எழுதினதற்கு மேலே பத்து பெட்டி ஏற்றுகிற வேலை தண்ணீரில் நடக்காது. நிறம் ஆரஞ்சு. மரத்துக்கு நடுவே பச்சை வாங்கினால் உன்னைத் தேட வருகிறவனுக்குப் படகு தெரியாது.

இப்போது முக்கியம். இரண்டு இருக்கை வேண்டவே வேண்டாம். பதின்மூன்றரை அடியை மாட்டுவண்டி அகல ஓடையில் எப்படித் திருப்புவாய்? பின்பக்கமாகவே வீட்டுக்கு வருவாயா? எடை முப்பத்தைந்து கிலோ. உப்பளக் கரையில் தனியாக இழுத்தால் இடுப்பு போகும். ஆள் இல்லாமல் பின்னால் மட்டும் உட்கார்ந்தால் முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவன் தூண்டில் இன்னொருவன் காதில் மாட்டும். பத்தடி, ஒற்றை இருக்கை. அதுதான் சரி. பின்னால் கயிறு கட்ட ஒரு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தங்கச்சாமி


தூத்துக்குடி
2.7.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் சொன்னபடியே ஒற்றை இருக்கைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். பத்தடி, முப்பத்துமூன்று அங்குல அகலம், ஆரஞ்சு. பின்னால் வளையம் இருக்கிறது.

விடுதிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த இரண்டு இருக்கையை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். போகட்டும். உங்கள் காரணங்களில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. கடிதத்தை நல்லசிவம் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆளு வெவரமானவரு. கடலப் பாக்காமலே இம்புட்டுச் சொல்லியிருக்காரே" என்றார்.

சபரி


சிவகாசி
15.7.2024

சபரிநாதனுக்கு,

நான் உனக்கு எழுதினதை இன்னொரு ஆளிடம் படித்துக் காட்டினாய். நான் என்ன பஞ்சாங்கமா எழுதினேன், பொதுவில் படிக்க? கடலைப் பார்க்காமலே என்றாராமே. நான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லோடு அனுப்ப ஆரம்பித்தபோது அவர் உப்புப் பாத்தியைப் பார்த்திருப்பாரா என்று கேள்.

கயாக் வந்து இறங்கிவிட்டது என்று காளிராஜ் சொன்னான். தொட்டுப் பார்த்தானாம். அவன் தொட்டுவிட்டான், நான் தொடவில்லை.

கிடங்கில் தொங்கின நம் கயிற்றிலிருந்து ஐந்தடி வெட்டி அனுப்பியிருக்கிறேன். மிச்சம் என்னிடம் இருக்கிறது. அந்த ஐந்தடி, மரத்தில் கட்டுவதற்கு. ஆனைக்குட்டத்தில் டியூபைக் கருவேல மரத்தில் கட்டுவோமே, அதே மாதிரி சுருக்கி, ஒட்டக் கட்டு. தளர்த்தி விட்டால் காற்றுக்கு அலைந்து வேரில் உரசும். அந்த உப்பளத்து அண்ணாச்சி வேறு மாதிரி ஏதாவது சொல்வார். சொன்னால் கேட்காதே. நான் சொல்கிறபடி கட்டு.

தங்கச்சாமி


தூத்துக்குடி
23.7.2024

அண்ணாச்சிக்கு,

கை இன்னும் கொப்புளமாக இருக்கிறது. அதனால் எழுத்து கோணும். காளிராஜ் வேறு மாதிரிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயாக்கைத் தண்ணீரில் விட்டேன். பூ மாதிரி போனது. நீங்கள் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை. குறுகலான ஓடைக்குள் ரொம்ப தூரம் போனேன். ஒரு மேட்டுத் திட்டு வந்தது. ஒன்பது மணி இருக்கும். தண்ணீர் மரத்தின் இடுப்பு வரை நின்றது. உங்கள் ஐந்தடிக் கயிற்றால் முன்மூக்கைக் கிளையில் ஒட்டக் கட்டினேன். திட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து தூண்டில் போட்டேன்.

நல்லசிவம் முந்தின நாளே சொல்லியிருந்தார். "கயித்த நீட்டி விட்டுக் கட்டுங்க. தண்ணி ஏறும், எறங்கும். படகு அதோட போயி வரணும்." நான் தலையாட்டிவிட்டு, நீங்கள் எழுதினபடிதான் கட்டினேன்.

ஒரு கொடுவா விழுந்தது. இரண்டே கால் கிலோ. சந்தோஷத்தில் நேரம் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் ஓடையில் தண்ணீர் இல்லை. கயாக் கிளையில் தூக்கில் போட்ட மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு தொங்குகிறது. பின்பக்கம் சேற்றில். தூண்டில் பெட்டி, தண்ணீர் பாட்டில், போன், மிதவைச் சட்டை எல்லாம் வழுக்கிச் சேற்றுக்குள் போய்விட்டது. முடிச்சு கயாக்கின் எடையில் இறுகி இரும்பு மாதிரி ஆகிவிட்டது. இழுத்து இழுத்துக் கைதான் கொப்புளித்தது. கத்தி பெட்டிக்குள். இறங்கினால் தொடை வரை புதைகிறது. வெயிலில் அந்தத் திட்டிலேயே நின்றேன்.

பதினொன்றரை மணிக்கு நல்லசிவம் என்னைக் காணோம் என்று தேடிக்கொண்டு வள்ளத்தில் ஓடை வாய் வரை வந்து, அங்கிருந்து சேற்றில் பலகையைப் போட்டுப் போட்டு நடந்து வந்தார். மரத்துக்கு நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்ததால் கண்டுபிடித்தாராம். அந்தப் புண்ணியம் உங்களுக்கு. முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார், "சிவகாசிக்காரரு நீங்க. வீட்டுக்கு வீடு காலண்டர் குடுக்கிற ஊரு. இன்னைக்குப் பௌர்ணமின்னு பாக்கலையா? பௌர்ணமிக்கு வத்துற மாதிரி மத்த நாளு வத்தாது."

பார்க்கவில்லை, அண்ணாச்சி. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அது எழுதியிருந்த காலண்டர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பக்கம் ஜூலை மாசம்தான். இருபத்தொன்றாம் தேதிக்குப் பக்கத்தில் வட்டம் போட்டிருக்கிறது.

அவர் அரிவாளை எடுத்து, "கயித்த அறுக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். சிரிக்காமல் உட்கார்ந்தார். தண்ணீர் மறுபடி ஏறி முடிச்சு தளருகிற வரைக்கும், நாலு மணி வரைக்கும் இரண்டு பேரும் திட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் அவிழ்த்தேன்.

சபரி


சிவகாசி
24.7.2024, புதன்

சபரி,

காளிராஜ் புறப்படுகிற செவ்வாய் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. சாத்தூரிலிருந்து வேறு லோடு போகிறது. அதில் கொடுத்து அனுப்புகிறேன். வெயிலில் நின்றதற்கு மருத்துவரைப் பார்த்தாயா? மாரிச்செல்வி என்னைப் பற்றி என்ன சொன்னாள்? சொன்னதை எழுது, குறைக்காதே.

தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டிய கையோடு வியாபாரத்துக்கு வந்தவன் நான். அணைத் தண்ணீர் ஒரு நாளில் விரல்கடை இறங்கினாலே பெரிசு. தண்ணீர் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரக்கு விற்கும்போது தெரியாததைத் தெரிந்த மாதிரி நான் சொன்னதில்லை. உன் விஷயத்தில் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இருக்கை வேண்டாம் என்று எழுதினேனே, அந்தக் காரணம் எல்லாம் உண்மை. நீளம், எடை, காற்று, எல்லாம் சரி. ஆனால் அத்தனையும் நான் எழுதாத ஒரு காரணத்துக்காகத் தேடிப் பிடித்தது. முன் இருக்கையில் நல்லசிவம் உட்காரக் கூடாது. அவ்வளவுதான். கொச்சிக் கடையில் அந்த இருக்கையைப் பார்த்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் முதுகு தெரிந்தது.

நான் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் உன்னோடு ஒரு ஆள் இருந்திருப்பார். நீ தனியாகத் திட்டில் நின்றிருக்க மாட்டாய். 

அவருக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது என்று நீ ஏன் முன்னாலேயே எழுதவில்லை?

நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்களே, என்ன பேசினீர்கள்?

தங்கச்சாமி


தூத்துக்குடி
30.7.2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாரிச்செல்வி சொன்னது: "அவுக கயிறு அங்கன இருந்தாலும் கழுத்துல விழுது, இங்கன இருந்தாலும் கழுத்துல விழுது." குறைக்காமல் எழுதிவிட்டேன். பிறகு அவளே அந்தக் கயிற்றைக் கழுவிக் கொடியில் காயப்போட்டாள்.

என்ன பேசினோம் என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் பற்றித்தான் பேசினோம். டியூபில் நான் இருக்கும்போது எத்தனை வெயிலானாலும் குடை பிடிக்க மாட்டீர்கள், கயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பீர்கள். அதைச் சொன்னேன். பட்டாசு ஊரில் இருந்துகொண்டு கரையில் பீடி பிடிக்கிறவனைக் கண்டால் நீங்கள் விரட்டுவதையும் சொன்னேன். அவர் நிறையக் கேட்டார். அவருக்கு அப்படி ஒரு சிநேகிதம் இல்லை போலிருக்கிறது. நீச்சல் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

வள்ளம் வைத்திருக்கிறவர் என் கயாக்கில் எதற்கு உட்காரப் போகிறார்? வள்ளத்தை நீங்கள் கேட்கவில்லை, நான் எழுதவில்லை. முன் இருக்கையைப் பற்றியும் நீங்கள் கேட்கவில்லை. ஆறு மாசம் தனியாகப் போகக் கூடாது என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தது. கவிழாத கயாக்காக, அகலமாக, முன்னால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உள்ளதாகத் தேடினது அதற்குத்தான். மணப்பாட்டு வழியில் போய் அந்தக் கைப்பிடியைத்தான் அசைத்துப் பார்த்தேன். நீங்கள் ஒற்றை இருக்கை என்று எழுதினதும், வர விருப்பமில்லை என்று சொல்லாமல் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் மறுபேச்சு இல்லாமல் ஆர்டர் போட்டேன்.

ஆனால் போன வாரம் காளிராஜ் ஒன்று சொன்னான். கொச்சிக் கடையில் இரண்டு இருக்கைக் கயாக்கின் முன் இருக்கையில் நீங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். "மொதலாளி கண்ண மூடிட்டு கைப்பிடியப் புடிச்சிருந்தாக" என்றான். கடிதத்தில் தட்டிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன் என்று மட்டும் எழுதினீர்களே.

ஊரை விட்டுப் போவதை ஏன் முன்னால் சொல்லவில்லை என்று ஒன்றரை வருஷமாகக் கோபமாக இருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு மணி நேரம் பேசியிருப்பீர்கள். நான் இருந்திருப்பேன். அங்கே மாரிச்செல்விக்கு மூச்சு நின்றிருக்கும். அதனால்தான் லாரி ஏற்றின பிறகு சொன்னேன்.

அந்த இரண்டு இருக்கை இன்னும் விற்காமல்தான் கிடக்கிறது.

உங்கள்
சபரி


சிவகாசி
5.8.2024

சபரி,

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வியாபாரிகள் வந்து குவிகிறார்கள், அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் மேல் ஆர்டர். இந்தச் சீசனில் நான் கடையை விட்டு நகர்ந்ததில்லை. பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நகர்கிறேன். பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை. இந்தத் தடவை தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விடுதிக்காரரிடம் சொல்லி அதை எடுத்து வை. ஒற்றை இருக்கையை ரோஷினிக்குக் கொடு. காளிராஜுக்கு வாய் நீளம், இனி அவனுக்கு உன் வீட்டில் காப்பி கிடையாது.

மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். முன் இருக்கை என்னுடையது. என்னைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது, நான் ஊருக்குத் திரும்பின பிறகும்தான். அகலமான ஓடையில்தான் போக வேண்டும், குறுகலில் அது திரும்பாது, நான் எழுதினது எழுதினதுதான்.

மூன்றாவது, கரையில் நல்லசிவம் நிற்கட்டும். மிச்சக் கயிறு முழுவதையும் கொண்டு வருகிறேன், நாற்பதடிக்கு மேல் இருக்கும். பின் வளையத்தில் கட்டி மறுமுனையை அவர் கையில் கொடு. அது லேசான வேலை இல்லை என்று சொல். குடை பிடிக்கக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் நான் அப்படித்தான் நின்றேன்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடு. கயிற்றைப் பிடிக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தங்கச்சாமி


தூத்துக்குடி
6.8.2024

அண்ணாச்சிக்கு,

சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நாப்பதடி பத்தாது, எங்கிட்ட இருக்கிறதையும் சேத்து முடிஞ்சிக்கிடுவோம்" என்றார்.

காளிராஜ் காப்பி குடித்துவிட்டான்.

சபரி